நீதிக்குத் தமிழ் தந்த முன்சீப்

திருவாரூரிலே மநுநீதி கண்ட சோழனுடைய அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி தொங்கியதும், தேர்க்காலிற் கன்றை இழந்த பசு அம்மணியை அசைத்து முறையிட்டதும் நாம் பாலபாடம் படித்த நாள் தொட்டு அறிந்தனவே. சேக்கிழார் சுவாமிகள் அவ்வரலாற்றைப் பெரியபுராணத்தின் தொடக்கத்திலேயே வைத்தருளினார். இந்நாட்டை ஆண்ட எல்லாளன்மீதும் அத்தகைய கதையொன்றை மகாவம்சம் ஏற்றிக் கூறும். அரசனுடைய நடுநிலைமையை வியத்தற்கே இக்கதை பெரும்பாலும் எடுத்தாளப்படும். நாம் இங்கு எடுப்பது பிறிதொரு பொருட்டு. வாயில்லாப் பசுவொன்றின் முறையீடும் அரசன் செவியை அடைதற்கு அந்நாட்டில் ஒரு வழி இருந்தது. அவ்வழி இல்லாதவிடத்து, அரசன் எத்துணை நடுநிலையாளனாயினும், குடிக்கு அதனால் விளையும் பயன் யாது?

அதே சோழநாட்டில், பல நூற்றாண்டுகள் கழிந்தபின், வாயுள்ள மாந்தரே நீதிமன்றத்தின் முன் வாயில்லாதவராய் நின்றனர். தம் வழக்கு எந்தச் சட்டத்தால் அறுக்கப்படுகின்றது, மேல்மன்றங்கள் அதுபோன்ற வழக்குகளில் முன்னர் யாது தீர்ப்புக் கூறின என்பவற்றை அவர்கள் அறிந்திலர். அவை யாவும் ஆங்கிலத்தில் இருந்தன. அவ்வாறு நின்றோருக்கு ஒரு மணியைக் கட்டித் தொங்கவிட முயன்ற நீதிபதி ஒருவர் மாயூரத்தில் இருந்தார். அவரே வேதநாயகம் பிள்ளை.

தமிழில் முதல் நாவலை எழுதியவர் என்றே நம் மாணாக்கர் அவரை அறிவர். வினாத்தாளிலும் அதற்குமேற் கேட்பதில்லை. ஆனால் அவர் தம் இளமை முதல் நாவல் எழுதும் நாள் வரையிற் பெரும்பகுதியை நீதிமன்றத்திலேயே கழித்தவர். நம் கல்லூரியின் பழைய மாணவருட் சட்டத்தரணிகளும், நீதிமன்ற முதலியார்களும், எழுதுவினைஞர்களும் பலர் உளர். ஆதலால் இந்த யூபிலி மலரில் அவரை நீதிபதியாகவே காட்ட விழைகின்றோம்.

வேதநாயகம் பிள்ளை 1826 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 11 ஆம் நாள், திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த குளத்தூரிற் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை. குடும்பம் கத்தோலிக்க சமயத்தைத் தழுவியது. இளமையில் அவருக்குத் தமிழும் ஆங்கிலமும் கற்பித்தவர் தியாகராச பிள்ளை என்பார். அவர் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராய் இருந்தவர். ஆசிரியர் தொழில் மாணாக்கனுடைய வாழ்வுக்கு வழிகாட்டியாய் அமைவது உண்டு. ஒரு மொழியில் இருப்பதை மற்றொரு மொழியில் வழுவின்றி நிறுத்தும் பயிற்சி, வேதநாயகருக்கு எழுத்தறிவோடு கூடவே வாய்த்தது.

1848 இல் அவர் அந்த நீதிமன்றத்திலேயே ஆவணங்களைக் காக்கும் வேலையில் அமர்ந்தார். 1850 இல் மொழிபெயர்ப்பாளரானார். இவ்விரு வேலைகளும் சிறியவை, சம்பளமும் சிறியது. ஆயினும் நீதிமன்றத்தின் உள்ளும் புறமும் அறிதற்கு இவற்றிற் சிறந்த பள்ளிக்கூடம் இல்லை. வழக்காளி தமிழிற் சொல்லுகின்றான். சாட்சி தமிழிற் சொல்லுகின்றான். அது ஆங்கிலமாகி மேசைமேல் ஏறுகின்றது. தீர்ப்பு ஆங்கிலத்தில் இறங்குகின்றது. மீண்டும் தமிழாகி அவன் செவியில் விழுகின்றது. ஏறும்போதும் இறங்கும்போதும் எவ்வளவு சிந்திப்போகின்றது என்பதை நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளன் அறிவான்; வேறொருவர் அறியார்.

1857 இல் அவர் தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப்பாக நியமனம் பெற்றார். தரங்கம்பாடி டேனிஷ்காரர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்கு 1845 இல் மாறிய துறைமுகம். அதே 1857 இல், நம் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை புதிதாய் அமைந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரியானார் என்பதும் இங்கு நினைத்தற்குரியது. அவரும் பின்னாளிற் சட்டப் பட்டம் பெற்றுப் புதுக்கோட்டையில் நீதிபதியாய் இருந்தார். ஏட்டுச்சுவடிகளை அச்சேற்றித் தமிழைக் காத்தார். நீதித்துறையிற் புகுந்தோர் தமிழைக் கைவிடல் வேண்டும் என்பது ஒரு விதியன்று என்பதற்கு இவ்விருவரும் சான்று.

தரங்கம்பாடிக்குப் பின் வேதநாயகர் சீர்காழியிலும், அதன்பின் நெடுங்காலம் மாயூரத்திலும் முன்சீப்பாய் இருந்தார். முன்சீப் என்னும் பதவி 1816 ஆம் ஆண்டுச் சட்டங்களால் மாவட்டந்தோறும் பரவியது. நிலம், கடன், வாய்க்கால், வரப்பு முதலிய குடிமக்களின் அன்றாட வழக்குகள் முதலில் வந்து நிற்கும் இடம் அதுவே. அதற்குமேல் மாவட்ட நீதிமன்றம். எல்லாவற்றுக்கும் மேலே சென்னையிற் சதர் அதாலத்து எனப் பெயரிய தலைமை நீதிமன்றம். அத்தலைமை மன்றம் கூறிய தீர்ப்பைப் பின்பற்றியே கீழ்மன்றங்கள் நடத்தல் வேண்டும். எனவே, ஓர் ஏழைக் குடியானவன் தன் வரப்புக்காகத் தொடுக்கும் வழக்கின் வெற்றி தோல்வி, அவன் பிறப்பதற்கு முன் சென்னையில் எழுதிய ஒரு தீர்ப்பினால் முடிவாகிவிடலாம். அத்தீர்ப்போ ஆங்கிலத்தில் உள்ளது. அவன் அதைப் படித்தல் இயலாது. அவனுக்காகப் பேச வந்த நாட்டுப்புற வக்கீல்கள் பலரும் அந்நாளில் ஆங்கிலம் நன்கு அறியாதவர். அறிந்த ஒருவரோ இருவரோ தாம் அறிந்ததை விலைக்கு விற்றால், கொள்வோர் கொண்டு செல்வர். கொள்ள இயலாதோர் கைவிரித்துச் செல்வர்.

இக்குறையை வேதநாயகர் சொல்லிப் புலம்பவில்லை. அதனை நீக்கும் வேலையைத் தாமே மேற்கொண்டார். 1805 முதல் 1861 வரையுள்ள சதர் மன்றத் தீர்ப்புகளைத் திரட்டித் தமிழாக்கிச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் பெயரால் 1862 இல் வெளியிட்டார். ஐம்பத்தேழு ஆண்டுகளின் தீர்ப்புகள்! பகலெல்லாம் மன்றத்திலிருந்து வழக்குக் கேட்கும் ஒருவர் இவ்வேலையைச் செய்து முடித்தமை நம்மனோர்க்கு நாணம் தருவதாகும். நாமோ நாற்பது கட்டுரைக் கொப்பிகளைத் திருத்துதற்கு ஒரு வாரம் தவணை கேட்கின்றோம்.

அந்த 1862 ஆம் ஆண்டு எத்தகையதென்பதையும் நோக்குதல் வேண்டும். அவ்வாண்டுத் தொடக்கத்திலேதான் இந்தியத் தண்டனைச் சட்டக்கோவை நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டிலேயே பழைய சதர் மன்றம் மறைந்து சென்னை உயர் நீதிமன்றம் தோன்றிற்று. பழைய ஆறு கடலிற் கலக்கும் வேளையில், அதன் நீரையெல்லாம் ஏரியொன்றிற் கட்டிவைத்தது போல அவருடைய நூல் அமைந்தது. தமிழ் மட்டும் கற்ற ஒருவர், ஆங்கில மன்றத்தின் தீர்ப்புகளைத் தம் திண்ணையிலிருந்து படித்தல் அதனாற் கைகூடிற்று.

தமிழாசிரியராகிய நாம் இந்நூலிற் கருதும் அருமை மற்றொன்றும் உண்டு. அக்காலத்து நீதிமன்றத் தமிழ் எத்தகையது? முன்சீப், வக்கீல், வக்காலத்து, தாவா, ஜாமீன், ஜப்தி, அமீனா, சிரஸ்தார், தஸ்தாவேஜு என அடுக்கிச் செல்லும் சொற்களை நோக்குமின். முன்னை அரசுகள் விட்டுச் சென்ற பாரசீக, அரபுச் சொற்களும் அவற்றின்மேல் வந்தேறிய ஆங்கிலச் சொற்களும் அங்கே ஆட்சி செய்தன. நம் யாழ்ப்பாணத்து வழக்கு மட்டும் வேறோ? அப்புக்காத்து, பிரக்கிராசி, நொத்தாரிசு, தோம்பு என்று நம் பாட்டன்மார் வழங்கிய சொற்கள் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இட்டுச் சென்றவையே. நீதிமன்றத்துச் சொற்களைக் கேட்டாலே அந்நாட்டை யார் யார் ஆண்டனர் என்பது புலனாகிவிடும். குடிமகனுடைய சொல் மட்டும் அங்கே இராது. அத்தகைய இடத்தில் ஒரு தீர்ப்பின் காரண காரியங்களைத் தமிழ் வாக்கியத்தில் நிறுத்துதல், உரைநடை நன்கு வளராத அந்நாளில், எளிய செயல் அன்று. பின்னர் அவர் நாவலுக்கெனக் கையாண்ட தெளிந்த உரைநடைக்கு, இத்தீர்ப்புகளை மொழிபெயர்த்த பயிற்சியும் உரமாயிற்று என்பது நம் கருத்து.

சட்டம் தமிழில் வந்துவிட்டால் நீதியும் வந்துவிடுமோ? வாராது என்பதை அவர் அறிந்திருந்தார். நீதிபதி கைந்நீட்டுவானாயின் எம்மொழியிற் சட்டம் இருந்தும் என்ன? 1859 இல் வெளியிட்ட ‘நீதிநூல்’ என்னும் செய்யுள் நூலில் அவர் கைக்கூலியை வன்மையாய்க் கடிந்தார். பிறர்க்கு உபதேசித்துத் தாம் வேறாய் நடப்போர் உலகிற் பலர். வேதநாயகரோ நேர்மையுடையவர் என்றே அவரை அறிந்தோர் போற்றினர்.

1872 இல் அவர் முன்சீப் பதவியினின்றும் நீங்கினார். பின்னர் மாயூரம் நகரசபைத் தலைவராயும் பணி புரிந்தார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சம் வந்தபோது, தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்கு உணவளித்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார், அந்த அறச்செயலைக் கண்டு உருகி அவர்மீது கீர்த்தனம் ஒன்று பாடினார். மனிதரைப் பாடுதல் அரிதாகிய பாரதியார் வாயிற் புகழ் பெற்றமை சிறிதன்று.

சைவப் பெருமக்களோடு அவர் கொண்ட நட்பை நம் கல்லூரியார் சிறப்பாக அறிதல் வேண்டும். திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருடைய உயிர்த்தோழர். மகாவித்துவான் அவரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு ‘குளத்துக் கோவை’ பாடினார். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகர்மீது வேதநாயகர் செய்யுள் பாடினார் என்பதை டாக்டர் உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ளார். தம் சமயத்தில் உறுதியாய் நின்றுகொண்டே, எல்லாச் சமயத்தாரும் பாடுதற்கேற்ற ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’யை 1878 இல் வெளியிட்டார். எச்சமயத்தார் வழக்கும் ஒரே தராசில் நிறுக்கப்படும் மன்றத்தில் நெடுங்காலம் இருந்தவருக்கு இந்த உள்ளம் வாய்த்தது இயல்பே. பெண்கள் கல்வி பெறுதல் வேண்டுமென்றும் அவர் செய்யுளாலும் உரைநடையாலும் வற்புறுத்தினார். அறியாமையில் வைக்கப்பட்டோர் தம் உரிமையைக் கேட்க வல்லரல்லர் என்பதை அவர் மன்றத்திற் கண்டிருப்பார் அன்றோ?

1879 இல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்தது. அதனைக் கதை என்று மட்டும் படித்தவர் பாதியே படித்தவர். கதாநாயகியாகிய ஞானாம்பாள் ஆண்வேடத்தோடு விக்கிரமபுரியின் அரசுக் கட்டிலில் அமர்கின்றாள். அவ்வாட்சியை வாயிலாகக் கொண்டு, அரசும் நீதியும் எங்ஙனம் நடத்தல் வேண்டும் என்பதை முன்சீப்பாய் இருந்தவர் நமக்கு உணர்த்துகின்றார். தமிழ்நாட்டு மன்றத்தில், தமிழ் அறிந்த நீதிபதி முன்னிலையில், தமிழரான வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதம் புரியும் வழக்கத்தை அந்நூலில் ஓரிடத்தில் அவர் நகையாடுகின்றார். தன் நிலத்தைப் பற்றியே பேச்சு நடக்கின்றது என்று மட்டும் உணர்ந்து, என்ன பேச்சென்று உணராது விழிக்கும் வழக்காளியை நினைத்துப் பார்ப்பின், அந்த நகையின் அடியில் உள்ள நோவு நமக்கு விளங்கும்.

அவர் ஆங்கிலத்தைப் பகைத்தவர் அல்லர். அதனை நன்கு கற்றவர். பிறரும் கற்க விரும்பியவர். ஆங்கிலம் கற்றவர் தம்மளவில் உயர்ந்து நிற்பதோடு அமையாது, கற்றதைத் தமிழிற் கொண்டுவந்து இறக்குதல் வேண்டும் என்பதே அவர் கொள்கை. கிணற்றில் நீர் ஊறினால் மட்டும் போதாது, துலா வேண்டும். 1887 இற் ‘சுகுண சுந்தரி’ என்னும் மற்றொரு நாவலையும் வெளியிட்ட அவர், 1889 ஆம் ஆண்டு யூலை மாதம் 21 ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் எண்ணம் அவர் காலத்தில் நிறைவேறவில்லை என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது. ஒரு நூல் வெளிவந்தமையால் மன்றங்கள் மொழி மாறவில்லை. அவர் மறைந்து அறுபத்தேழு ஆண்டு கழிந்து 1956 இலேதான் சென்னை மாநிலம் தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் இயற்றிற்று. அதன் பின்னும் உயர் நீதிமன்றம் ஆங்கிலத்திலேயே நடந்து வருகின்றது.

நம் நாட்டிற்கு வருவோம். ஒல்லாந்தர் ஆட்சியில் 1707 இல் யாழ்ப்பாணத்துத் தேசவழமையைக் கிளாஸ் ஐசாக் என்னும் அதிகாரி தொகுத்தபோது, அது தமிழாக்கப்பட்டுப் பன்னிரண்டு முதலிமார் முன்னிலையில் ஆராயப்பட்டு, அவர்கள் சரியென ஒப்பியபின்னரே ஏற்கப்பட்டது. அதற்குப் பின் 1806 இல் ஆங்கிலேயரும் அதனைச் சட்டமாக ஒப்புக்கொண்டனர். தம் சட்டத்தைத் தம் மொழியிற் படித்துப் பார்த்து ஒப்புக்கொடுத்த பெருமை நம் முன்னோர்க்கு இருந்தது. ஆனால் 1961 ஆம் ஆண்டு நீதிமன்ற மொழிச் சட்டம் சிங்களத்தையே மன்றங்களின் மொழியாக்க முற்பட்டது. வடக்கிலும் கிழக்கிலும் தமிழில் வழக்காட 1973 இல் இடமளிக்கப்பட்டது. 1988 இற் செய்த அரசியலமைப்பின் பதினாறாவது திருத்தத்தின்படி சிங்களமும் தமிழும் நாடெங்கும் நீதிமன்ற மொழிகளாயின. ஏட்டில் உரிமை எழுதப்பட்டுள்ளது. அது வாசற்படி இறங்கி வீட்டுக்குள் வந்ததா என்பதே வினா.

இதன் பொருட்டு நாம் கண்ட ஒன்றைக் கூறி அமைவோம். நாம் ஆசிரியத் தொழிலிற் புகுந்து சில ஆண்டுகள் சென்றபின், எம் அயலிலுள்ள மூதாட்டி ஒருவர் மாலைப்பொழுதில் எம் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். கையில் ஒரு கடதாசி உறை. ஒழுங்கை ஒன்றைப் பற்றிய எல்லை வழக்கு அவருக்கு நெடுநாளாக இருந்தது. மேன்முறையீடு கொழும்புக்குப் போயிருந்தது. தீர்ப்பின் பிரதி ஆங்கிலத்தில் வந்திருக்கின்றது. வந்து பதினொரு நாளாம். வென்றோமோ தோற்றோமோ என்று அறியாமலே அவர் அதனைச் சுவாமி படத்தின் கீழ் வைத்துக் கும்பிட்டுவந்திருக்கின்றார். கொண்டுவந்து தந்தவர் முகம் வாடியிருந்ததைக் கண்டு, தோற்றுவிட்டதாகவே எண்ணி இரண்டு நாள் உணவும் கொள்ளாதிருந்தாராம். வாத்தியார் தம்பி படித்துச் சொல்லவேண்டும் என்றார்.

எம் ஆங்கில அறிவு பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப் பத்திரத்தின் அளவே. ஆறு பக்கமும் புரட்டினோம். சொற்கள் தனித்தனியே விளங்கின, முடிவு விளங்கவில்லை. பிழையாய்ச் சொல்லிவிட்டால் அம்மூதாட்டி என்னாவார் என்று அஞ்சி, நம் கல்லூரியின் பழைய மாணவராகிய சட்டத்தரணி ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் ஆசனத்தினின்றும் எழுந்து வந்து மூதாட்டியின் அருகில் வாங்கில் அமர்ந்தார். கடைசிப் பக்கத்தை ஒரு முறை நோக்கியபின், ஆச்சி வென்றுவிட்டார் என்று தமிழிற் சொன்னார். பிறகு முதற் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பந்தியாகத் தமிழில் எடுத்துரைத்தார். கூலி வாங்கவில்லை. மூதாட்டி வென்ற செய்திக்கு அழவில்லை; எந்தச் சாட்சி சொன்னதை மன்றம் நம்பிற்று என்று கேட்டறிந்தபோதே கண்ணீர் விட்டார். அச்சாட்சி மறைந்துபோன அவர் கணவர். தம் கணவரின் சொல் மெய்யென மன்றம் ஏற்றதைப் பதினொரு நாள் அவர் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டு அறியாதிருந்தார்.

அன்று இரவு எமக்கு வேதநாயகர் நினைவு வந்தது. ஐம்பத்தேழு ஆண்டுத் தீர்ப்புகளை அவர் ஏன் தமிழாக்கினார் என்பதை நாம் நூல்களிற் கற்றிருந்தோம். எம் வீட்டுப் படலையில் அதை உணர்ந்தோம். தீர்ப்பு நீதியாய் அமைந்தாலும், உரியவருக்கு விளங்காத மொழியிற் கிடக்கும் வரை அது பாதி நீதியே.

நம் கல்லூரியிற் படிக்கும் மாணாக்கருட் சிலர் நாளைச் சட்டத்தரணிகள் ஆவர். சிலர் நீதிபதிகளும் ஆவர். அவர்கள் ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் நன்கு கற்கட்டும். தமிழ் வகுப்பைப் பரீட்சையோடு முடிந்த பாடமென்று எண்ணாதிருக்கட்டும். ஒரு நாள் ஆச்சி ஒருவர் கடதாசி உறையோடு அவர்கள் வாசலில் வந்து நிற்பார். அன்று ஆசனத்தினின்றும் எழுந்து வந்து அருகில் அமர்ந்து, முதற் பக்கத்திலிருந்து தமிழில் எடுத்துச் சொல்லுவாராயின், மாயூரத்து முன்சீப் தொங்கவிட்ட மணி நம் ஊரிலும் ஒலித்ததாகும்.